காலிக் கட்டத்துக்கு எத்தனை மார்க்?

செமஸ்டர் முடிகிற நேரத்தில் ஸ்டாஃப் ரூமில் தவறாமல் கேட்கிற புலம்பல் இது: "மூடுல்ல டோட்டல் தப்பா வருது, கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்." மூடுல் என்பது அசைன்மென்ட் வாங்கவும் மார்க் பதியவும் கல்லூரிகள் பயன்படுத்தும் இணைய மென்பொருள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கூட்டல் சரியாகத்தான் இருக்கும். எதைக் கூட்டுவது, எதை விடுவது, தேர்வுக்கு வராத பையனை என்ன செய்வது என்பதையெல்லாம் நாம் சொல்லியிருக்க மாட்டோம், அது தன் பாட்டுக்கு ஒரு வழியை எடுத்துக்கொண்டு கூட்டியிருக்கும். அந்த வழி நம் துறையின் வழி இல்லை என்பது செமஸ்டர் கடைசியில் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் தெரியவரும்.

மூடுலை முதல் தடவை திறப்பவர்களுக்கான பாடம் இல்லை இது. கோர்ஸ் திறந்து, அசைன்மென்ட் போட்டு, மாணவர்கள் ஏற்றியதைத் திருத்தி மார்க் போடத் தெரிந்தவர்கள், ஆனால் 'கிரேட்ஸ்' என்ற பக்கத்தைத் தொட்டால் ஏதாவது கலைந்துவிடுமோ என்று தள்ளியே நிற்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. அவர்களுக்காக எழுதுகிறேன். கல்லூரி சர்வரில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்து மெனு இங்கும் அங்கும் நகர்ந்திருக்கும், பெயரும் கொஞ்சம் மாறியிருக்கும், ஆனால் உள்ளே நடக்கும் கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான்.

மூடுல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் தொடங்கிய மென்பொருள். முதல் பதிப்பு 2002-இல் வந்தது. இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது, அதனால்தான் பட்ஜெட் இல்லாத கல்லூரியிலும் யாராவது ஒருவர் உட்கார்ந்து நிறுவிவிட முடிகிறது. 2020 ஊரடங்கில் அவசர அவசரமாக நிறுவிய கல்லூரிகள் பல, அப்புறம் வகுப்பறைக்குத் திரும்பிய பிறகும் அசைன்மென்ட்டுக்கும் இன்டர்னல் மார்க்குக்கும் அதையே வைத்துக்கொண்டன. நிறுவிக் கொடுத்தவர்கள் அசைன்மென்ட் எப்படி உருவாக்குவது என்று ஒரு நாள் பயிற்சி கொடுப்பார்கள். எல்லா மார்க்கையும் சேர்த்துக் கூட்டும் அட்டவணையான கிரேடுபுக் பக்கம் போவதற்குள் டீ பிரேக் வந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கலை அறிவியல் கல்லூரிகளில் பொதுவாக 25 மார்க் இன்டர்னல், 75 மார்க் செமஸ்டர் தேர்வு. அந்த 25-ஐ எப்படிப் பிரிப்பது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கணக்குக்கு எளிதாக, முதல் சிஐஏ (தொடர் அகமதிப்பீட்டு) தேர்வுக்கு 10, இரண்டாவதுக்கு 10, அசைன்மென்ட்டுக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். தேர்வுகள் 50-க்கு நடக்கின்றன, அசைன்மென்ட்டை 20-க்குத் திருத்துகிறோம். மூடுலில் 'வெயிட்டட் மீன்' என்ற கூட்டும் முறையைத் தேர்ந்தெடுத்து வெயிட் 10, 10, 5 என்று கொடுத்து, மொத்தம் 25-க்கு வரும்படி வைத்தாகிவிட்டது. இதுவரை ஒரு குழப்பமும் இல்லை.

ஒரு மாணவி இரண்டு தேர்வும் எழுதுகிறாள். முதலாவதில் 40, இரண்டாவதில் 35, அசைன்மென்ட்டில் 18. அவள் கணக்கு 8, 7, 4.5, மொத்தம் 19.5. பக்கத்து பெஞ்ச் மாணவன் முதல் தேர்வில் அதே 40, அசைன்மென்ட்டில் அதே 18, இரண்டாவது தேர்வுக்கு வரவேயில்லை. வராதவனுக்கு என்ன மார்க் போடுவது, கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டோம். அவனுக்கு மூடுல் காட்டும் மொத்தம் 20.83.

தேர்வுக்கு வராதவன் வந்தவளைவிட மேலே நிற்கிறான். மென்பொருளில் கோளாறு ஒன்றும் இல்லை. 'எக்ஸ்க்ளூட் எம்ப்டி கிரேட்ஸ்' என்று ஒரு டிக் இருக்கிறது, நாம் தொடாத வரை அது விழுந்த நிலையில்தான் இருக்கும். காலியாக இருப்பதைக் கணக்கில் சேர்க்காதே என்று அதற்கு அர்த்தம். ஆகவே அவனுடைய 8-ஐயும் 4.5-ஐயும் கூட்டி, மீதி இருக்கிற 15 வெயிட்டால் வகுத்து, 25-க்குப் பெருக்கிக் கொடுக்கிறது. அந்த டிக்கை எடுத்துவிட்டால் காலி எல்லாம் பூஜ்யமாகி அவன் மொத்தம் 12.5-க்கு இறங்கிவிடும். ஒரே பையன், ஒரே தாள்கள், ஒரு சின்னப் பெட்டியில் டிக் இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவில் எட்டு மார்க்குக்கு மேல் வித்தியாசம்.

அப்படியானால் டிக்கை முதல் நாளே எடுத்துவிடலாமே என்று தோன்றும், பலர் அதைத்தான் செய்கிறார்கள். செய்தால் என்ன ஆகும் என்றால், செமஸ்டரின் மூன்றாவது வாரத்தில் அசைன்மென்ட் ஒன்று மட்டும் திருத்தி முடித்திருப்போம், வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண் போனில் திறந்து பார்ப்பாள், 25-க்கு 4.5 என்று இருக்கும். தேர்வே இன்னும் நடக்கவில்லை என்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி வாட்ஸப் குரூப் தூங்காது, மறுநாள் காலை அவள் அப்பா துறைத் தலைவருக்குப் போன் போட்டாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

காலிக் கட்டத்துக்கு ஒரே அர்த்தம் இல்லை என்பதுதான் இங்கே சிக்கல். இன்னும் திருத்தவில்லை என்றாலும் காலி, காரணம் சொல்லாமல் வராமல் போனாலும் காலி, என்சிசி கேம்ப்புக்கோ பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்கோ கல்லூரியே ஓடி (ஆன் டியூட்டி) போட்டு அனுப்பியிருந்தாலும் காலி. நோட்டுப் புத்தகத்தில் மார்க் எழுதிய காலத்தில் இதை நாம் சரியாகவே செய்துகொண்டிருந்தோம்: வராதவனுக்கு சிவப்பில் 'ஆ', ஓடி போனவனுக்கு பக்கத்தில் ஒரு குறிப்பு, திருத்தாததுக்கு வெற்றிடம். கணினிக்கு அந்தச் சிவப்பு மை தெரியாது. ஆகவே மூன்றையும் நாம்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

நான் சிபாரிசு செய்யும் வழி இது. செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும் வரை டிக் அப்படியே இருக்கட்டும், திருத்தாதவை கணக்கில் வராது, மாணவர்கள் பார்க்கும் மொத்தம் அன்றைய தேதி வரைக்குமான நியாயமான மொத்தமாக இருக்கும். ஒவ்வொரு தேர்வும் திருத்தி முடித்த அன்றே, காரணமில்லாமல் வராதவர்களுக்கு 0 என்று கையால் போட்டுவிடுங்கள், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். 'சிங்கிள் வியூ' என்ற பக்கத்தில் காலியாக இருக்கும் எல்லாக் கட்டங்களிலும் ஒரே எண்ணை மொத்தமாக நிரப்பும் வசதி இருக்கிறது, பெரிய வகுப்புக்கு அது உதவும். ஓடி, மருத்துவ விடுப்பு போன்றவற்றுக்கு அந்த ஒரு மாணவரின் அந்த ஒரு மார்க்கைத் திருத்தும் பக்கத்தில் 'எக்ஸ்க்ளூடட்' என்று ஒரு டிக் உண்டு, அதைப் போட்டால் அந்த மாணவருக்கு மட்டும் அந்தத் தேர்வு கணக்கிலிருந்து விலகிவிடும். மறுதேர்வு வைப்பதாக இருந்தால் இதுவும் வேண்டாம், காலியாகவே இருக்கட்டும். யார் யாருக்கு எது என்பதைத் துறைக் கூட்டத்தில் ஒரு தடவை பேசி முடிவெடுத்துக்கொண்டால் நல்லது. ஒரே வகுப்புக்கு ஐந்து பேப்பர், ஐந்து ஆசிரியர்கள் ஐந்து விதமாக வைத்திருந்தால் மாணவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, நான்கு அசைன்மென்ட் வைத்துச் சிறந்த மூன்றை எடுப்பது. என்பிடெல் என்ற இணையவழிக் கோர்ஸ்களைப் படித்த மாணவர்களுக்கு இது பழக்கம்தான், அங்கே பன்னிரண்டு வாரக் கோர்ஸில் பன்னிரண்டு அசைன்மென்ட்டில் சிறந்த எட்டின் சராசரியை 25-க்கு எடுத்து, தேர்வு மார்க்கை 75-க்கு எடுத்துக் கூட்டுவார்கள். மூடுலில் இதற்கு 'டிராப் தி லோயஸ்ட்' என்ற இடத்தில் 1 என்று போட்டால் போதும். போடுவதற்கு முன் காலிக் கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்கும் கொடுத்த மாணவி 20-க்கு 18, 16, 15, 12 வாங்கியிருக்கிறாள். 12 கழிந்து மீதி மூன்றின் சராசரி 16.33. மூன்றே கொடுத்த மாணவன் 18, 16, 12. நான்காவது காலி. மூடுல் முதலில் காலியை ஒதுக்கும், அதற்கப்புறம்தான் இருப்பதில் குறைந்ததைக் கழிக்கும். அவன் 12-ம் கழிந்துபோகும், 18-ம் 16-ம் சேர்ந்து சராசரி 17. கொடுக்காமல் விட்டதற்குப் பரிசு! காலியில் 0 போட்டிருந்தால் அந்த 0 கழிந்து 15.33 வந்திருக்கும், அதுதான் நாம் நினைத்த விதி. இன்னொன்று, இந்த வசதியைப் பயன்படுத்தும்போது அந்தப் பிரிவில் இருக்கும் எல்லா அசைன்மென்ட்டும் ஒரே உச்ச மார்க்கில் இருக்க வேண்டும். புதிதாகத் திறக்கிற அசைன்மென்ட் நாம் மாற்றாவிட்டால் 100-க்கு வரும். மூன்றை 20-க்கு வைத்துவிட்டு ஒன்றை மறந்து 100-க்கு விட்டால் எதைக் கழிப்பது என்பதே அர்த்தம் இழந்துவிடும்.

அடுத்தது ஓவர்ரைட். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் புலம்பல் தீர்ந்துவிடும்.

மூடுலில் மார்க் இரண்டு இடத்தில் இருக்கிறது. அசைன்மென்ட்டுக்குள் போய்த் திருத்தினால் மார்க் அங்கே பதிந்து, அங்கிருந்து கிரேடுபுக்குக்கு ஓடி வரும். அப்படி இல்லாமல் நேராகக் கிரேடுபுக் அட்டவணையில் கட்டத்துக்குள் எண்ணை அடித்தால், அந்தக் கட்டம் ஓவர்ரைட் ஆகிவிடும், நிறமும் மாறியிருக்கும். அதற்குப் பிறகு அசைன்மென்ட்டுக்குள் நீங்கள் என்ன மாற்றினாலும் அந்தக் கட்டம் அசையாது, பூட்டுப் போட்ட மாதிரி. மாணவன் மறுபடி எழுதிக் கொடுக்கிறான், நீங்கள் உள்ளே போய்த் திருத்தி 15 போடுகிறீர்கள், வெளியே மொத்தத்தில் இன்னும் பழைய 0 நிற்கிறது, "சார், நீங்க மார்க் போடவே இல்ல" என்று அவன் வந்து நிற்பான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அந்தக் கட்டத்தைத் திறந்து ஓவர்ரைட் டிக்கை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். மேலே சொன்ன சிங்கிள் வியூவில் மொத்தமாக 0 நிரப்புவதும் ஓவர்ரைட்தான், அதனால் மறுவாய்ப்பு கொடுக்கப் போகிற மாணவர்களை அந்த வழியில் நிரப்பாமல் விடுவது நல்லது.

மிக மோசமான வகை, மொத்தத்தையே ஓவர்ரைட் செய்வது. மார்க்கைச் சரிபார்த்துச் சீராக்கும் மாடரேஷன் கூட்டத்தில் இவருக்கு ஒரு மார்க் கூட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள், உடனே மொத்தம் இருக்கிற கடைசிக் கட்டத்தில் 13 என்று அடித்துவிடுகிறோம். அதற்கப்புறம் அந்த மாணவருடைய எந்தத் தேர்வு மார்க்கை மாற்றினாலும் மொத்தம் 13-லேயே நிற்கும். கூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 'மாடரேஷன்' என்று தனியாக ஒரு கட்டம் சேர்த்து அதில் போடுங்கள், பின்னால் யாராவது கேட்டால் எங்கிருந்து வந்தது என்று காட்டவாவது முடியும்.

பெயர் வரிசை பற்றிச் சொல்லாமல் விட்டால் இது தமிழ்நாட்டுக் கல்லூரிப் பதிவே ஆகாது. மூடுல் குடும்பப் பெயர் வாரியாக வரிசைப்படுத்தும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அந்தக் கட்டத்தை நிரப்பாமலும் விட முடியாது, ஆகவே மாணவர்கள் அங்கே இனிஷியலைப் போட்டிருப்பார்கள், சிலர் அப்பா பெயரை முழுசாக, சிலர் இரண்டு இடத்திலும் தங்கள் பெயரையே. விளைவு, மூடுல் வரிசைக்கும் நம் வருகைப் பதிவேட்டு வரிசைக்கும் சம்பந்தமே இருக்காது. விடைத்தாள் கட்டு பதிவு எண் வரிசையில் கையில் இருக்க, திரையில் பெயர்கள் அப்பாவின் முதல் எழுத்து வாரியாக ஓடினால், ஒரு வரி தள்ளி மார்க் ஏறிவிடுவது சுலபம். நிர்வாகியிடம் சொல்லி ஐடி நம்பர் என்ற புலத்தில் எல்லோருடைய பதிவு எண்ணையும் ஏற்றி, அது கிரேடுபுக்கில் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தலைப்பைச் சொடுக்கினால் பட்டியல் பதிவு எண் வரிசைக்கு வந்துவிடும்.

பதிவு எண் இருந்தால் எக்செல்லில் மார்க்கை அடித்து மொத்தமாக ஏற்றவும் முடியும். இங்கேயும் ஒரு வம்பு உண்டு. சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறந்தால், பன்னிரண்டு இலக்கப் பதிவு எண்ணை அது நடுவில் புள்ளியும் ஈ எழுத்தும் சேர்த்துச் சுருக்கிக் காட்டும். காட்டுவதோடு நின்றால் பரவாயில்லை, அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் அந்தச் சுருக்கம்தான் கோப்பில் பதியும், பாதி வகுப்புக்கு ஒரே பதிவு எண் ஆகிவிடும். பெயர்கள் தமிழில் இருந்தால் அவையும் குப்பையாகத் தெரியலாம். லிப்ரே ஆபீஸ் கால்க் இந்த விஷயத்தில் சமர்த்து, சிஎஸ்வியைத் திறக்கும்போதே எழுத்துக் குறியீடு எது, எந்தப் பத்தியை எழுத்தாக வைப்பது என்று கேட்கும். யூடிஎஃப்-8 என்று சொல்லி, பதிவு எண் பத்தியை டெக்ஸ்ட் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. எக்செல்தான் வேண்டும் என்றால் டேட்டா மெனு வழியாக இம்போர்ட் செய்யுங்கள், இரட்டைச் சொடுக்கு வேண்டாம்.

வீட்டில் நெட் சரியில்லாதவர்களுக்கு ஒரு உபகாரமான வசதி, 'ஆஃப்லைன் கிரேடிங் வொர்க்‌ஷீட்'. அசைன்மென்ட் அமைப்பில் இதை இயக்கிவிட்டால், மாணவர்கள் ஏற்றிய எல்லாக் கோப்புகளையும் ஒரே ஜிப்பாக இறக்கிக்கொண்டு, மார்க் ஷீட்டையும் தனியாக இறக்கிக்கொண்டு, ஊருக்குப் போகும் ரயிலில்கூடத் திருத்தலாம். திரும்பி வந்து ஷீட்டை ஏற்றினால் மார்க் உள்ளே போய்விடும். நீங்கள் இறக்கிய பிறகு யாராவது மூடுலில் அதே மார்க்கை மாற்றியிருந்தால் உங்கள் ஷீட் அதை அழிக்காது, வேண்டுமென்றே டிக் போட்டால்தான் அழிக்கும். இரண்டு பேர் பிரித்துத் திருத்தும் பேப்பரில் இது பெரிய நிம்மதி.

மாணவர்கள் கோப்பு ஏற்றுவதில் பிடிஎஃப் மட்டும் என்று கறாராக வைத்துவிடுங்கள். திரையிலேயே சிவப்பு மை மாதிரி குறியிட்டுத் திருத்தும் வசதி பிடிஎஃப்புக்குத்தான் ஒழுங்காக வேலை செய்யும், வேர்டு கோப்பு என்றால் சர்வரில் மாற்றித் தரும் நிரல் ஒன்று தனியாக நிறுவியிருக்க வேண்டும். தமிழ்த் துறைக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இன்னும் பாமினியில் தட்டச்சு செய்கிற மாணவர்கள் இருக்கிறார்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவர்கள் வேர்டு கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு பக்கம் நிறைய வரும். எழுத்துருவோடு சேர்த்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

ரூப்ரிக் என்ற திருத்தும் அட்டவணை பற்றி எல்லா ஆசிரியர் பயிற்சியிலும் (எஃப்டிபி) புகழ்வார்கள், நியாயம்தான். எதற்கு எவ்வளவு என்பதை முன்னாலேயே அட்டவணையாகக் காட்டிவிடுவதால் "எனக்கு ஏன் குறைச்சல்" என்ற வாக்குவாதம் பாதியாகக் குறைகிறது. அதன் கணக்கை யாரும் சொல்வதில்லை. கருத்து, அமைப்பு, மொழி, மேற்கோள் என்று நான்கு அம்சம் வைத்து ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3, 4 என்று நிலை கொடுக்கிறோம். ஒரு மாணவிக்கு எல்லாவற்றிலும் 2. பதினாறுக்கு எட்டு, ஐம்பது சதவீதம் என்று நாம் நினைப்போம். மூடுல் அடிமட்டமான 1-ஐயே பூஜ்யமாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் அது பன்னிரண்டுக்கு நான்கு, அதாவது 33 சதவீதம். எல்லாவற்றிலும் 1 வாங்கியவருக்கு வெறும் 0. ரூப்ரிக் அமைக்கும் பக்கத்தின் அடியில் இதைத் தீர்மானிக்கும் ஒரு டிக் இருக்கிறது, நீளமான ஆங்கில வாக்கியம், யாரும் படிப்பதில்லை. படிக்கப் பொறுமை இல்லையென்றால் நிலைகளை 0-இலிருந்து தொடங்குங்கள், இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடும்.

மார்க்கை எப்போது காட்டுவது என்பதும் நாம் எடுக்க வேண்டிய முடிவு. திருத்தும் பக்கத்தில் 'நோட்டிஃபை ஸ்டூடன்ட்' என்று ஒன்று இருக்கும், அது ஆம் என்று இருந்தால் நீங்கள் ஒவ்வொருவராகச் சேமிக்கச் சேமிக்க ஒவ்வொருவருக்கும் தகவல் போகும். கட்டில் பத்தாவது தாள் திருத்தும்போது முதல் தாள்காரன் "மேம், ஒரு மார்க் குறையுது" என்று மெசேஜ் போட்டிருப்பான். அறுபது தாளையும் திருத்தி முடித்து, மேலும் கீழும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஒரு மார்க்கை மார்க் என்று சொல்ல முடியும், முதல் பத்துத் தாளில் கை இறுக்கமாக இருக்கும் என்பது திருத்தும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு 'மார்க்கிங் வொர்க்‌ஃப்ளோ'வை இயக்கிவிடுங்கள். அதில் எல்லோருடையதும் திருத்தப்படும் நிலையிலேயே நிற்கும், நீங்கள் எல்லோரையும் தேர்ந்தெடுத்து 'ரிலீஸ்டு' என்று மாற்றும்போதுதான் வெளியே தெரியும், கிரேடுபுக்குக்கும் அப்போதுதான் போகும். மூடுல் போன்ற இன்னொரு மென்பொருளான கேன்வாஸைப் பயன்படுத்தும் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களுக்கு இதே வேலையை போஸ்டிங் பாலிசி செய்யும், அதை மேனுவல் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கூகுள் கிளாஸ்ரூமில் ரிட்டர்ன் கொடுக்கும் வரை மார்க் வரைவாகவே இருக்கும், அங்கே இந்தத் தொல்லை இல்லை.

கண் படத்தைச் சொடுக்கி ஒரு தேர்வின் பத்தியை மறைத்து வைக்கிறவர்கள் மொத்தத்தையும் கவனிக்க வேண்டும். தேர்வு மார்க் மறைந்திருக்கும், மொத்தம் மறையாமல் அதையும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தால் கணிதத் துறை மாணவன் என்ன, எந்தத் துறை மாணவனும் கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான். மறைந்த பத்திகளைக் கொண்ட மொத்தத்தை மறைப்பதா, அவை நீங்கலாகக் காட்டுவதா, சேர்த்துக் காட்டுவதா என்று கிரேடு அமைப்புகளில் மூன்று தேர்வுகள் உண்டு. மாணவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று உறுதிசெய்ய, யூசர் ரிப்போர்ட்டில் ஒருவர் பெயரைத் தேர்ந்து அவராகப் பார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

குவிஸ் தானாகவே திருத்திக்கொள்ளும், அதனால் அதிகம் சொல்வதற்கில்லை. தமிழில் ஓரிரு சொல் விடை கேட்பவர்கள் மட்டும் கவனிக்க: ஔவையார் என்பதை ஔ என்ற ஒரே எழுத்தால் அடிப்பவர்களும் உண்டு, ஒ-வும் ள-வும் சேர்த்து 'ஒளவையார்' என்று அடிப்பவர்களும் உண்டு. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் சரியான விடையாகப் பட்டியலில் சேர்க்காவிட்டால் பாதிப் பேருக்குத் தப்பு விழும். பிறகு சேர்த்தால் தானாக மார்க் ஏறாது, முடிவுகள் பக்கத்தில் போய் 'ரீகிரேடு' கொடுக்க வேண்டும்.

கடைசியில் பல்கலைக்கழக போர்ட்டலில் முழு எண்ணாக ஏற்றும் நேரத்தில் முழுமையாக்கும் பிரச்சினை வரும். ஒருவருக்கு 8.4, 6.4, 3.4 என்று இருந்தால் கூட்டினால் 18.2, அதாவது 18. ஒவ்வொன்றையும் முதலில் முழு எண்ணாக்கிக் கூட்டினால் 17. மூடுலில் தசம இடத்தை 0 என்று வைத்தால் கட்டங்களில் 8, 6, 3 என்றும் மொத்தத்தில் 18 என்றும் தெரியும், ஏனென்றால் காட்டுவதை மட்டும்தான் அது மாற்றுகிறது, உள்ளே தசமம் அப்படியே இருக்கிறது. மாணவர்கள் கையால் கூட்டிப் பார்த்துவிட்டு "மேம், தப்பா வருது" என்று வருவார்கள், இந்தத் தடவை அவர்களுக்குச் சாதகமாக. மாணவர்களுக்கு இரண்டு தசமம் வரை காட்டிவிடுங்கள், போர்ட்டலுக்கு ஏற்றும்போது மொத்தத்தை மட்டும் முழுமையாக்குங்கள்.

ஏற்றிய பிறகும் "போன வாரம் 14 இருந்துச்சு, இப்ப 12 காட்டுது" என்று யாராவது வந்தால் நினைவை நம்பி வாதாட வேண்டாம். 'கிரேடு ஹிஸ்டரி' என்று ஒரு அறிக்கை இருக்கிறது, எந்தக் கட்டத்தை யார், எந்தத் தேதியில், என்ன நேரத்தில், எதிலிருந்து எதற்கு மாற்றினார்கள் என்று வரிசையாகக் காட்டும். அந்த மாணவரையே பக்கத்தில் உட்காரவைத்துத் திறந்து காட்டுங்கள். அடுத்த செமஸ்டருக்கு மாணவர் தகவல் இல்லாமல் கோர்ஸை நகல் எடுத்துக்கொண்டால் கட்டங்கள், வெயிட், ரூப்ரிக் எல்லாம் அப்படியே வந்துவிடும், தேதிகளை மட்டும் மாற்றினால் போதும்.